காந்தத்தை நம்பி ஹெட்டர் வாங்கலாமா?

மதுரையில் எவர்சில்வர் குடம் வாங்கப் போனாலும் சரி, காருக்கு ஹெட்டர் செய்யப் பட்டறைக்குப் போனாலும் சரி, நம்மவர் கை முதலில் தேடுவது காந்தத்தை. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல். ஹெட்டர் விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

என்ஜினிலிருந்து புகை முதலில் இறங்கும் குழாய்த் தொகுதிதான் ஹெட்டர். கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு குழாயாக வளைத்துக் கீழே ஒன்று சேர்ப்பார்கள். பெட்ரோல் என்ஜினை முறுக்கினால் அங்கே புகையின் சூடு 800 டிகிரியைத் தொடும். (பி.எஸ்.6 வண்டிக்காரர்கள் இந்த ஆசையை விடுவது நல்லது. பல கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கிறது. அதைக் கழற்றி ரோட்டில் ஓட்டினால், புகை, சத்த விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பழைய வண்டிக்காரர்களும் பந்தயத் திடலில் ஓட்டுபவர்களும் மேலே படிக்கலாம்.)

கார் கம்பெனிகள் புகைக்குழாய்க்குப் பரவலாகப் பயன்படுத்தும் 409 ரக எவர்சில்வரில் (எஸ்.எஸ்.) குரோமியம் சுமார் 11 சதவீதம், நிக்கல் பேருக்குத்தான். காந்தம் பச்சக்கென்று ஒட்டும். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், காந்தம் ஒட்டாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304-லும் ஒட்டாதுதான். ஆனால் அதைச் சூடாக்காமல் வளைத்தால், வளைவில் மட்டும் லேசாக இழுக்கும். ஆக, காந்தத்தை நம்பினால் 409-ஐயும் நல்ல 304 வளைவையும் தள்ளிவிட்டு, கைப்பிடிக் குழாயைக் காரில் மாட்டிக்கொண்டு வருவோம்.

202-ல் கார்பன் 0.15 சதவீதம் வரை இருக்கலாம். வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். பற்றவைத்த ஓரத்திலேயே அரிப்பு ஆரம்பிக்கும். 304எல் ரகத்தில் கார்பன் 0.03-க்குள் அடக்கம். ரகத்தை அறிய பழைய இரும்புக் கடைக்காரரின் வழியே மேல்: உலோகத்தில் ஒரு சொட்டு சோதனை மருந்து, அதன்மேல் 9 வோல்ட் பேட்டரி. சொட்டு சிவந்தால் மாங்கனீஸ் அதிகம்.

எஸ்.எஸ்ஸேதான் வேண்டுமா? ராமேஸ்வரத்துக்காரர் கேட்டால் ஆமாம் என்பேன். மதுரையில் உப்புக்காற்று இல்லை. இங்கே 1.6 மி.மீ. கனமுள்ள சாதா இரும்பு (எம்.எஸ்.) குழாயே, நல்ல பூச்சோடு, வருஷக்கணக்கில் உழைக்கும். இன்னொரு சங்கதி: 600 டிகிரி சூடேறினால் அரை மீட்டர் 304 குழாய் 5 மி.மீ. நீளும், இரும்பு சுமார் 4 மி.மீ.தான். நீள இடம் தராமல் இறுக்கிவைத்த 304, ஃபிளாஞ்ச் ஓரத்தில் விரிசல் விடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரிக்குள் உருகிவிடும், வெல்டிங் வைக்கும்போது வரும் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும்.

பூச்சுக்கு வருவோம். கேட்டுக்கும் பைக் ரிம்முக்கும் போடும் பவுடர் கோட்டிங் 200 டிகிரி அடுப்பில் வேகும் சரக்கு. ஹெட்டரில் கருகி உதிரும். அலுமினியம் கலந்த சிலிக்கோன் பெயிண்ட் 600 டிகிரி வரை தாங்கும், விலையும் குறைவு. ஆனால் மணல் அடித்துச் சுத்தம் செய்த இரும்பில்தான் அது பிடிக்கும். அடித்த கையோடு முறுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். கைக்காசு இருந்தால் செராமிக் கோட்டிங். துருவைத் தடுப்பதோடு, சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்து பானட்டுக்குள் கொதிப்பைக் குறைக்கும். சித்திரை வெயிலில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் மாட்டியவருக்கு அதன் அருமை தெரியும். அதே வேலைக்குச் சுற்றும் கண்ணாடி நூல் பட்டியை எம்.எஸ். குழாய்க்கு நான் சொல்லமாட்டேன். ஐப்பசி மழை ஈரத்தை உறிஞ்சி, வெளியே தெரியாமல் குழாயைத் தின்றுவிடும்.

எஸ்.எஸ். என்று முடிவெடுத்தால் ஆர்கான் வெல்டிங்தான். குழாயின் வெளிப்புறம் மட்டுமல்ல, உள்ளேயும் ஆர்கான் நிரப்பச் சொல்லுங்கள். காசு கொடுக்குமுன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பற்றவைத்த கோடு கருகிய வெல்லம்போல் பொருக்குத் தட்டியிருந்தால், மேலே எத்தனை அழகாக வரிசை ஓடியிருந்தாலும் வாங்காதீர்கள்.