எண்டிவும் சிக்கரியும் ஒன்றா?

கேள்வி: அரை ஏக்கரில் லெட்யூஸ் போடுகிறோம். எங்களிடம் வாங்கும் வியாபாரி, ஓட்டல்களுக்கு 'எண்டிவ்' கீரை வேண்டும் என்கிறார். விதைக்கடையில் கேட்டால், 'எண்டிவும் சிக்கரியும் ஒன்றுதான்' என்று சிக்கரி விதையைக் கொடுக்கிறார்கள். வாங்கி விதைக்கலாமா?
- நீலகிரி மாவட்ட வாசகர்

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுச் செடிகள், ஆனால், ஒன்றல்ல. எண்டிவின் தாவரவியல் பெயர் 'சிக்கோரியம் எண்டிவியா'. சிக்கரி, 'சிக்கோரியம் இன்டிபஸ்'. நம்மூரில் காசினிக்கீரை என்று சொல்வது சிக்கரியைத்தான். இரண்டுக்கும் நீலப் பூ, கிள்ளினால் பால் வடியும், இலை கசக்கும். குழப்பம் வருவது இதனால்தான்.

எண்டிவ், கீரைக்காகவே வளர்க்கப்படும் குறுகிய காலப் பயிர். இதில் சுருட்டை இலை, அகன்ற இலை என இரண்டு வகை உண்டு. சிக்கரி பல ஆண்டுகள் வாழும். ஆணிவேர் ஆழமாக இறங்கும். குஜராத், உத்தரப்பிரதேச மாநிலங்களில் வேருக்காகவே இதைச் சாகுபடி செய்கிறார்கள். அந்த வேரை உலர்த்தி, வறுத்து, அரைத்துதான் காபித்தூளில் கலக்கிறார்கள். வேருக்கான ரக விதையை நீங்கள் விதைத்தால், இலை முளைக்கும். ஆனால், ஓட்டல் கேட்கும் கீரையாக இருக்காது. ஒரு போக உழைப்பு வீணாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டல்களில் 'பெல்ஜியன் எண்டிவ்' என்று சொல்லும் வெளிர்மஞ்சள் குருத்து, பெயரில்தான் எண்டிவ். உண்மையில் அது சிக்கரி. வேரைத் தோண்டியெடுத்து, இருட்டறையில் மறுபடி துளிர்க்கவிட்டு எடுப்பது. 'ரடிச்சியோ' எனும் சிவப்பு இலையும் சிக்கரி வகைதான். எனவே, வியாபாரி கேட்பது எது என்று படத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். விதைப் பையில் தாவரவியல் பெயரையும் ரகத்தையும் பார்த்து வாங்குங்கள்.

கேட்பது இலை எண்டிவ்தான் என்றால், லெட்யூஸ் சாகுபடி முறையே பெரும்பாலும் பொருந்தும். நான்கு வார நாற்றை ஓரடி இடைவெளியில் நடலாம். விதைத்ததிலிருந்து இரண்டரை முதல் மூன்று மாதங்களில் அறுவடைக்கு வரும். வெயில் ஏறினால் கசப்பு கூடி, பூந்தண்டு கிளம்பிவிடும். கசப்பைக் குறைக்க, அறுவடைக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பு வெளி இலைகளைச் சேர்த்து மேலே தளர்வாகக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் படாத உள் இலைகள் வெளுத்து, மென்மையாகும். இலையில் ஈரம் இருக்கும்போது கட்டினால் உள்ளே அழுகிவிடும்.

இதுவும் லெட்யூஸ் குடும்பம்தான். அதே அழுகல் நோயும் அசுவினியும் தாக்கும். லெட்யூஸ் எடுத்த பாத்தியிலேயே நட வேண்டாம். முதல் போகத்தில் இரண்டு பாத்தி மட்டும் போட்டு, வியாபாரி எடுத்துக்கொண்ட பிறகு பரப்பைக் கூட்டுங்கள்.