சித்தப்பா பைலட் இல்லை

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் எங்கள் உறவுக்காரப் பையன் பெருமையாக அளந்துகொண்டிருந்தான். "எங்க தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பைலட்டு. ஜப்பான்காரன் பிளேனைச் சுட்டு வீழ்த்தினவரு."

அந்தத் தாத்தா என் சித்தப்பா. அவர் பைலட் இல்லை, ஃபிட்டர். விமான எஞ்சினைக் கழற்றி மாட்டியவர். சொன்னேன். பையன் முகம் சுண்டிவிட்டது. "வெறும் மெக்கானிக்கா?" என்றான்.

அந்த "வெறும்" தான் என்னை இதை எழுத வைத்தது.

என் சிறு வயதில் கதை வேறு. சித்தப்பா பேச்சை எடுத்தாலே, "வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போனதை வெளியே சொல்லாதே" என்று பெரியவர்கள் வாயை அடைப்பார்கள். நம்மூர் காமராஜர் 1942 ஆகஸ்டில் கைதாகி மூன்று வருஷம் சிறையில் இருந்தாரே, அந்தக் கூச்சம். சித்தப்பாவின் மெடல் கடைசியில் பழைய பாத்திரக்காரனிடம் போய், எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பி வந்தது.

அன்று மறைத்தோம், இன்று ஜோடிக்கிறோம். இரண்டுமே அந்த மனுஷனுக்குச் செய்கிற அவமானம்.

சிறைக்குப் போனதையும் சம்பளத்துக்குப் போனதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் வைக்கவில்லை. அது தியாகம், இது பிழைப்பு. மழை பொய்த்த கரிசல் காட்டில் மாதச் சம்பளம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் உண்மைதானே? பட்டணமே பயந்து காலி செய்யவில்லையா?

பைலட் மோகத்துக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். போர் முடிந்தபோது இந்திய விமானப் படையில் சுமார் 28,500 பேர். அதில் அதிகாரிகள் 1,600 பேர் போல. மற்றவர்கள் எல்லாம் யார்? பெரும்பாலும் சித்தப்பா மாதிரி தரையில் நின்று வேலை பார்த்தவர்கள். 1942 பிப்ரவரியில் பர்மாவில், வேவு பார்க்கக் கட்டிய லைசாண்டர் விமானத்தில் 250 பவுண்டு குண்டு மாட்ட வழி செய்தவர் ஹர்ஜிந்தர் சிங். எஞ்சினியரிங் படித்துவிட்டு சாதாரண ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்தவர், பிற்பாடு ஏர் வைஸ் மார்ஷல் ஆனார். அவரை "வெறும்" என்று சொல்வீர்களா?

சிவகாசிக்காரர்களுக்கு இது புரிய வேண்டும். வாணவேடிக்கையைப் பார்த்து ஊரே கைதட்டுகிறது. மருந்து செலுத்தின கையை யார் நினைக்கிறோம்?

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். அதில் என்ன வேலை என்று போட்டிருக்கிறதோ, அதையே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என் சித்தப்பா ஃபிட்டர். அவர் மாட்டிய எஞ்சினை நம்பித்தான் ஒரு பைலட் ஏறிப் போனான்.