முன்பள்ளிப் பிள்ளைக்கு வீட்டின் உதவி

மாணவர்களே, முன்பள்ளிக்குச் செல்லும் தம்பியையோ தங்கையையோ மாலையில் கொப்பியுடன் இருத்தி, ‘அ’னாவை 50 தரம் எழுத வைக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. இது பிள்ளைக்குக் கல்வியில் வெறுப்பையே ஊட்டும் என்பது எமது கருத்து.

நான்கு வயதில் விரல் தசைகள் போதிய உறுதி பெறுவதில்லை. களிமண் உருட்டுதல், கடதாசி கிழித்து ஒட்டுதல், மணலில் கோடு வரைதல் என்பன பென்சில் பிடிக்க விரல்களைப் பழக்கும். 1997 இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தமும் தரம் 1, 2 இல் மேசை வேலையைக் குறைத்து விளையாட்டுக்கே முதலிடம் வழங்கியது. அவ்வாறாயின் முன்பள்ளிப் பிள்ளைக்கு அவசரம் ஏன்?

“இப்போதே எழுதாவிட்டால் பின்தங்கிவிடும்” எனச் சிலர் அஞ்சுவர். 247 எழுத்துக்களையும் முறைப்படி கற்பிப்பது பாடசாலையின் பணி. கேட்டும் பேசியும் சொல்வளம் பெற்ற பிள்ளை அவற்றை எளிதில் பற்றிக்கொள்ளும்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் உங்களுக்கு நேரம் குறைவுதான். எனினும் தினமும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். “இன்று என்ன விளையாடினாய்?” என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கோப்பைகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். உறங்குமுன் ஒரு கதை சொல்லுங்கள். முன்பள்ளியில் கொடுத்த படத்துக்கு நீங்கள் நிறந்தீட்டிக் கொடுக்காதீர்கள். கோணலாயினும் அது பிள்ளையின் கையாலேயே அமையட்டும்.