பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக்கோ, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போ!

சைக்கிள்ல ஆபீஸ் போறவன்னு தெரிஞ்சா போதும், ஆளாளுக்கு அட்வைஸ் மழை பொழிய ஆரம்பிச்சிடுவாங்க. ஹெல்மெட் போடு, லைட் மாட்டுங்கிற வரைக்கும் சரி, கேட்டுக்கலாம். "அந்த டிரெயில்லயா போறே? பெப்பர் ஸ்ப்ரே வச்சிருக்கியா? தனியா போகாதே. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடு"ன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல மிட்டவுன் கிரீன்வேன்னு ஒரு சைக்கிள் பாதை இருக்கு. நீளம் சுமார் 5.5 மைல். ஒரு காலத்துல ரயில் ஓடின வழி. தெருவுல போற ஜனங்க மேல ரயில் மோதக் கூடாதுன்னு, 1910-கள்ல தண்டவாளத்தையே பள்ளம் தோண்டிக் கீழே இறக்கிட்டாங்க. தெருவெல்லாம் மேலே பாலமாப் போகும். ரயில் நின்னு போன பிறகு 2000-த்துல இருந்து கட்டம் கட்டமா சைக்கிள் பாதையாக்கினாங்க. சிக்னல் இல்லை, கார் இல்லை, ராத்திரி லைட் எரியும், பனிக்காலத்துல பனியையும் தள்ளி விடுவாங்க. சைக்கிள்காரனுக்கு சொர்க்கம்!

ஆனா சொர்க்கத்துக்கும் ஒரு பள்ளம் உண்டு. இருபது அடி ஆழத்துல ரெண்டு பக்கமும் சரிவு. மேலே ஏற நினைச்ச இடத்துல ஏற முடியாது, சாய்தளமோ படிக்கட்டோ வர்ற வரைக்கும் போய்த்தான் ஆகணும். நாலு பேர் சேர்ந்து பாலத்துக்கு அடியில வழி மறிச்சா, முன்னாடி போகணும் இல்லை வந்த வழியே திரும்பணும். வழிப்பறியும் அடிதடியும் இங்க நடந்திருக்கு. பயம் சும்மா இல்லை, ஒத்துக்கறேன். அதுக்கு நம்மாளுங்க சொல்ற மருந்தைத்தான் என்னால ஒத்துக்க முடியலை.

மருந்து ஒண்ணு: ஆயுதம்

இது இன்னிக்கு நேத்து வந்த வியாபாரம் இல்லீங்க. 1890-கள்லயே பிரான்சுல "வெலோ-டாக்"னு ஒரு குட்டி ரிவால்வர் வித்தாங்க. வெலோன்னா சைக்கிள், டாக்னா நாய். துரத்துற நாய்கிட்டேயிருந்து சைக்கிள்காரனைக் காப்பாத்தறதுக்காம்! மிளகாய்ப்பொடி அடைச்ச தோட்டா கூட உண்டு. 1901-ல இங்கிலாந்துல பியர்சன்ஸ் மேகசின்ல மார்கஸ் டிண்டால்ங்கிறவர், வழிப்பறிக்காரன் வந்தா சைக்கிளையே எப்படி ஆயுதமாக்கறதுன்னு ஒரு கட்டுரையே எழுதினார். நூத்திச் சொச்சம் வருஷமா நம்ம தலையில கட்டற சரக்கு ஒண்ணேதான்: நீ பயந்தா ஒரு சாமான் வாங்கிக்கோ.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னா, ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர். பையில வைக்கிற சின்ன ஸ்ப்ரே சுமாரா மூணு மீட்டர் அடிக்கும். அந்த மூணு மீட்டரை நீங்க அரை செகண்டுல தாண்டிடுவீங்க. அதுக்குள்ள ஒரு கையை ஹேண்டில்பார்ல இருந்து எடுத்து, பையைத் துழாவி, மூடியைத் தள்ளி, மூஞ்சியைக் குறி பார்த்து அடிக்கணும். எதிர்க்காத்து வேற. உங்க மிளகாய் உங்க கண்ணுக்கேதான் வரும். இதெல்லாம் சரியா நடக்கணும்னா ஒரே வழி, வண்டியை நிறுத்தணும். சைக்கிள்காரன்கிட்ட இருக்கிற ஒரே பெரிய பலம் வேகம். அதை முதல்ல தூக்கிப் போடச் சொல்ற தற்காப்பு என்ன தற்காப்பு?

லண்டன்ல கால்வாய்க் கரையோரமா ஓட்டற நண்பர்களுக்கு இந்த பாக்கியமும் கிடையாது. அங்க 1968 துப்பாக்கிச் சட்டப்படி பெப்பர் ஸ்ப்ரேயே தடை செய்யப்பட்ட ஆயுதம். கையில வச்சிருந்தா உள்ளே போகப் போறது நீங்கதான்.

மருந்து ரெண்டு: இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போ

இதைச் சொல்றவங்க கடிகாரத்தைப் பார்த்துச் சொல்றாங்களான்னே தெரியலை. டிசம்பர்ல மினியாபொலிஸ்ல சூரியன் சாயங்காலம் நாலரைக்கு மறைஞ்சிடும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டா வெளியில கும்மிருட்டு. அப்ப என்ன, நாலு மாசம் லீவு போடறதா? நான் கூட பரவாயில்லை, கம்ப்யூட்டரைத் தட்டறவன், மேனேஜர்கிட்ட சொல்லிட்டு சீக்கிரம் கிளம்பிடலாம். லேக் ஸ்ட்ரீட் கிரீன்வேக்கு இணையா, பக்கத்துலயே போகுது. அங்க ஓட்டல்ல ராத்திரி பாத்திரம் கழுவிட்டுக் கிளம்பறவர் என்ன பண்ணுவார்? அவருக்குக் கார் இல்லை. அந்த நேரத்துல பஸ்ஸும் அடிக்கடி வராது. சைக்கிள் அவருக்கு ஹாபி இல்லீங்க, வீட்டுக்குப் போற வழி. அவரைப் பார்த்து "ஏன்யா இந்நேரத்துக்கு வந்தே?"ன்னு கேக்கறது அக்கிரமம்.

மருந்து மூணு: தனியா போகாதே

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, தினமும் இந்தப் பாதையில வேலைக்குப் போய்க்கிட்டிருந்தவங்க. ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு பேர் பின்னாடியே சைக்கிள்ல வந்து அசிங்கமாப் பேசியிருக்காங்க. கையில படலை, காயம் இல்லை. மறுநாள் ஆபீஸ்ல சொன்னப்ப எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "தனியாவா போனீங்க?" அந்த ரெண்டு பேரைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது. வீட்லயும் அதேதான். இப்ப அவங்க கார்ல போறாங்க. சைக்கிள் கராஜ்ல தொங்குது. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் வயித்தெரிச்சல்.

ஏன்னா கணக்கு இதோட முடியலை. அந்த அக்கா போறதை நிறுத்தினதால, மறுநாள் அதே நேரத்துக்கு அங்க வர்ற இன்னொரு பொண்ணுக்குப் பாதையில ஒரு ஆள் குறைஞ்சாச்சு. அவளும் பயந்து நின்னா, அடுத்தவளுக்கு ரெண்டு ஆள் குறைஞ்சாச்சு. இப்படியே போனா கடைசியில யார் இருப்பா? வேற வழியே இல்லாத பாத்திரம் கழுவறவரும், அவருக்காகக் காத்துக்கிட்டு நிக்கறவனும்தான். "போகாதே"ங்கிற அட்வைஸ் ஆபத்தைக் குறைக்கலை, உருவாக்குது. ஊர் ஜனம் நடமாடற வழிதான் பத்திரமான வழி. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

ஜேன் ஜேக்கப்ஸ்ங்கிற அம்மா 1961-லயே அமெரிக்க நகரங்களைப் பத்தின புத்தகத்துல இதைச் சொல்லிட்டாங்க: தெருவைக் காப்பாத்தறது போலீஸ் மட்டும் இல்லை, தெருவைப் பார்த்துக்கிட்டிருக்கிற கண்கள். நமக்கு இது புரிய புத்தகமே வேணாம். திண்ணையில ஒரு பாட்டி உக்காந்திருந்தா அந்தத் தெருவுல எவன் வாலாட்டுவான்? கிரீன்வே ஓரத்துல பள்ளத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் வச்ச அபார்ட்மென்ட்கள் வந்திருக்கே, அதெல்லாம்தான் அந்த ஊர்த் திண்ணை. கிரீன்வேக்குன்னே இருக்கிற கோயலிஷன் அமைப்பு, தன்னார்வலர்களை வச்சு சாயங்காலத்துல சைக்கிள்ல ரோந்து போற "டிரெயில் வாட்ச்" ஆரம்பிச்சதும் இதே கணக்குலதான். கத்தி, கபடா எதுவும் இல்லை. ஆள் இருக்குன்னு காட்டறது, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். "சந்தேகப்படற மாதிரி ஆள் நின்னா உஷாரா இரு"ன்னும் சொல்றாங்க. குளிர்ல குல்லாவும் மூஞ்சியில துணியும் கட்டிக்கிட்டு நான் போனா, எதிர்ல வர்றவங்களுக்கு அந்த சந்தேகப்படற மாதிரி ஆள் நான்தாங்க! மூஞ்சியைப் பார்க்காதீங்க, செய்கையைப் பாருங்க. ஓரமா நின்னு சிகரெட் பிடிக்கறவன் பிரச்னை இல்லை. உங்களைப் பார்த்ததும் பாதையின் குறுக்கே நகர்றவன்தான் பிரச்னை.

அப்ப நாம ஒண்ணுமே செய்ய வேணாமான்னு கேட்டா, செய்யணும். பைசா அதிகம் செலவில்லாத விஷயங்கள்:

முன் லைட் நல்லதா இருக்கணும். நம்மளை மத்தவங்க பார்க்கற லைட் வேற, நாம பார்க்கற லைட் வேற. 50 மீட்டருக்கு முன்னாடியே ஆளைப் பார்த்துட்டா யோசிக்க ஒம்பது செகண்ட் கிடைக்கும். மறிக்கறாங்கன்னு தோணினா அங்கேயே திரும்பிடுங்க. திரும்பி ஓடறது கோழைத்தனம் இல்லை, அதுதான் தற்காப்பு. மேலே ஏற வழி எங்கெங்கே இருக்குன்னு மனப்பாடமா தெரியணும். 911-க்குக் கூப்பிட்டா "சைக்கிள் பாதையில இருக்கேன்"னு சொன்னா பத்தாது, எந்தத் தெருவுக்குக் கீழேன்னு சொல்லணும். கிரீன்வேயோட மேற்குப் பக்கம் ஆல்ட்ரிச், பிரையன்ட், கோல்ஃபாக்ஸ், டுபான்ட்னு தெருப் பேரெல்லாம் இங்கிலீஷ் அகர வரிசையில வரும், ஞாபகம் வச்சுக்கறது சுலபம். போன் சட்டைப் பையில இருக்கட்டும், கேரியர் பையில வேணாம். ரெண்டு காதுலயும் பாட்டு வேணாம். கீழே விழுந்துட்டா சைக்கிளை உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல வச்சுக்குங்க. அவனுக்கு வேண்டியது சைக்கிள்தான்னா கொடுத்துட்டு ஓடிடுங்க. வேற சைக்கிள் வாங்கிக்கலாம், வேற மண்டை வாங்க முடியாது.

இதெல்லாம் நம்ம பங்கு. மீதி ஊரோட பங்கு. ஏறி வெளியே போக இன்னும் சாய்தளம் வேணும். ஃபியூஸ் போன லைட்டை உடனே மாத்தணும், புதரை வெட்டணும். இதைக் கேக்காம நம்ம கையில ஸ்ப்ரே டப்பாவைக் கொடுத்து அனுப்பறது, ரோட்ல குழியை மூடாம எல்லாருக்கும் கட்டுத்துணி கொடுக்கற மாதிரி.

அதனால மக்களே, அடுத்த தடவை யாராவது "எனக்கு டிரெயில்ல இப்படி ஆச்சு"ன்னு சொன்னா, "தனியாவா போனே?"ன்னு கேக்காதீங்க. "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறே? நானும் வர்றேன்"னு சொல்லுங்க. அந்த அக்காகிட்டயும் அதைத்தான் கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்காங்க. சைக்கிள் டயர்ல காத்து அடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்.