மானியம் நின்றால் யார் பொறுப்பு? மட்டாஞ்சேரியும் ஆப்பிரிக்காவும் சொல்லும் பாடம்

கொச்சி: மட்டாஞ்சேரியை ஒட்டிய துருத்தியில், நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்துவந்த 394 ஏழைக் குடும்பங்களுக்காக இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டப்பட்டுள்ளன. இவற்றைக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் 2025 செப்டம்பரில் திறந்து வைத்தார். ஒரு கட்டடத்தைக் கொச்சி மாநகராட்சியும், மற்றொன்றைக் கொச்சி ஸ்மார்ட் மிஷன் நிறுவனமும் கட்டின.

இந்த வீடுகள் முதலில் திட்டமிடப்பட்டது, குடிசைப் பகுதிகளை மேம்படுத்த மத்திய அரசு 2011-ல் அறிமுகம் செய்த ராஜீவ் ஆவாஸ் யோஜனாவின் கீழ். அத்திட்டம் 2015-ல் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கு வழிவிட்டது. பின்னர் கைகொடுத்த ஸ்மார்ட் சிட்டி திட்டமும் 2025 மார்ச் 31-ல் நிறைவடைந்தது. அதாவது, வீடுகள் திறக்கப்படுவதற்கு முன்பே இரண்டு மத்தியத் திட்டங்களின் காலமும் முடிந்திருந்தது.

ஆயினும் பணிகள் பாதியில் கைவிடப்படவில்லை. மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லவேண்டிய மாநகராட்சி உள்ளூரில் இருந்ததே இதற்கு முக்கியக் காரணம். தாமதத்தின் சுமையைக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்தன. ஆனாலும், கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு மன்ற உறுப்பினரும் ஒரு வாக்குச்சீட்டும் இருந்தன.

ஆப்பிரிக்காவில் நேர்ந்தது என்ன?

இந்த வாய்ப்பு இல்லாதபோது என்ன நேரும் என்பதை ஆப்பிரிக்க நாடுகள் அதே ஆண்டில் கண்டன. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப், வெளிநாட்டு மேம்பாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்க உத்தரவிட்டார். ஜூலை 1-ல் யுஎஸ்எய்டு அமைப்பின் தனிச் செயல்பாடு முடிவுக்கு வந்தது. பிரிட்டனும் தனது உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது.

எச்ஐவி மருந்துகள் விரைவில் தீர்ந்துபோகக்கூடிய 8 நாடுகளை உலகச் சுகாதார அமைப்பு 2025 மார்ச்சில் பட்டியலிட்டது. அவற்றில் கென்யா, நைஜீரியா, மாலி, லெசோதோ, புர்கினா பாசோ, தெற்கு சூடான் ஆகிய 6 நாடுகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. மருந்து நின்றுபோன நோயாளி, நிதியை நிறுத்திய நாட்டின் வாக்காளர் அல்லர். எனவே அவரது குரல் முடிவெடுக்கும் அவைக்கு எட்டுவதில்லை.

சொந்த நிதியே காப்பு

நைஜீரிய நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. வெளியுதவி குறையும்போது உள்நாட்டு நிதியே காப்பு என்பதற்கு இது சான்று. எனினும், பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக 2001-ல் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் அளித்த உறுதிமொழியைப் பெரும்பாலான நாடுகள் இன்னும் எட்டவில்லை. வறிய நாடுகளால் இந்த இடைவெளியை ஒரே ஆண்டில் நிரப்பவும் இயலாது. எனவே உதவியைக் குறைக்கும் நாடுகள் அதனைப் படிப்படியாக, முன்னறிவிப்புடன் செய்வதே குறைந்தபட்ச நியாயம்.

துருத்திக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மானியம் கட்டடத்தை எழுப்பித் தரும். மின்தூக்கி, குடிநீர், கழிவகற்றல் ஆகியவற்றுக்கான செலவோ மாதந்தோறும் தொடரும். அன்றாட வருமானத்தில் வாழும் குடும்பங்களால் அதனை முழுமையாக ஏற்க இயலுமா என்பதே இனி எழும் கேள்வி. பராமரிப்புக்கு நிலையான நிதியை மாநகராட்சி உறுதிசெய்தால் மட்டுமே, நீண்ட காத்திருப்புக்குப் பின் கிடைத்த வீடு நிலைத்த வீடாக இருக்கும்.