ஆலை வாயிலுக்கு வரட்டும் மனித உரிமைப் பாடம்!

பல்கலைக் கழகங்களிலே மனித உரிமை மையம் எதற்கு என்று கேட்போர் உண்டு. "படித்தவர்கள் கூடிப் பேசிக் கலைய ஒரு மண்டபம், அவ்வளவுதானே!" என்று நம் தோழர்களிலேயே சிலர் ஏளனமாகச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பிலே நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். குளுகுளு அறையிலே கருத்தரங்கம், ஆங்கிலத்திலே கட்டுரை, நடுவே தேநீர், முடிவிலே சான்றிதழ் என்ற அளவிலே நின்றுவிடும் மனித உரிமையால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே இரவு ஷிப்டு பார்ப்பவனுக்கு என்ன இலாபம்? ஆனால், அதற்காக மையமே வேண்டாம் என்பது, வைத்தியர் நம் தெருவுக்கு வருவதில்லை என்பதற்காக வைத்தியமே வேண்டாம் என்பதற்கு ஒப்பாகும். மையம் வேண்டும். அது நம் தெருவுக்கு வரவேண்டும். வரவழைக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு. இதுதான் நாம் சொல்ல விரும்புவது.

தீர்மானங்களுக்கு நம் பக்கத்திலே பஞ்சமில்லை. 1955 ஜனவரியிலே காங்கிரசு மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று முழங்கியது எங்கே? இதே ஆவடியிலே! அதற்கு ஆறாண்டுகள் முன்பே, 1948 டிசம்பர் 10 அன்று, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டது. சங்கம் அமைக்கும் உரிமை அதன் 23ஆவது பிரிவிலே இருக்கிறது. வேலை நேரத்துக்கு வரம்பும் ஓய்வும் 24ஆவது பிரிவிலே இருக்கின்றன. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. ஏட்டிலே இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆள் எங்கே என்பதுதான் கேள்வி.

அந்த ஆளைத் தயாரிக்கும் இடமாகப் பல்கலைக் கழகம் இருக்கவேண்டும். 1985லேயே பல்கலைக் கழக மானியக் குழு மனித உரிமைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் திட்டம் வகுத்தது. 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, ஆராய்ச்சியை ஊக்குவிப்பதும், மக்களிடையே உரிமை அறிவைப் பரப்புவதும் ஆணையத்தின் கடமைகள் என்றே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ஆராய்ச்சி, போதனை, மக்கள் பணி ஆகிய மூன்றும் யாரோ போடும் பிச்சையல்ல, சட்டமும் திட்டமும் ஒப்புக்கொண்ட வேலைகள்.

ஆசிரியர்கள் மனம் வைத்தால் என்ன நடக்கும்? ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். மராட்டியத்திலே ஒரு பழங்குடிப் பெண் காவல் நிலையத்திலேயே கெடுக்கப்பட்டாள். 1978லே உச்சநீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. அவள் உடலிலே காயமில்லை, எதிர்ப்புக் காட்டவில்லை என்பது காரணம்! 1979லே உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார், இரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள், தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அஞ்சி ஒடுங்குவது வேறு, சம்மதிப்பது வேறு என்று எடுத்துக் காட்டினர். அந்தக் கடிதம் தெருவுக்கு வந்தது; பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன; 1983லே சட்டமே திருத்தப்பட்டது. நான்கு பேனாக்கள் தொடங்கின, நாடு தொடர்ந்தது!

நம் பக்கத்துப் பூந்தமல்லியை எடுத்துக் கொள்வோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கிலே, 1998 ஜனவரி 28 அன்று, அங்கிருந்த தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. இருபத்தாறு பேருக்கும்! 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் 4 பேருக்கு மரணத்தை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனை என்றது. 19 பேரை வெளியே அனுப்பியது. தடா சட்டப்படியான குற்றங்கள் நிலைக்கவில்லை என்றும் கூறியது. 1991லே நடந்த அந்தப் படுகொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. அன்று மாண்டவர்களின் வீடுகளிலே வடிந்த கண்ணீரையும் மறக்கவில்லை. நாம் கேட்பது இது: மேல் நீதிமன்றம் இல்லாதிருந்தால் அந்த 19 உயிர்கள் என்ன ஆகியிருக்கும்? காவல்துறை அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்ற சட்டம் எத்தகையது? இதை ஆராய வெளிநாட்டு நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினால் போதும்.

ஆராயவேண்டியவை இன்னும் உள்ளன. கழிவுநீர்த் தொட்டியிலே மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் 10 இலட்சம் தரவேண்டும் என்று 2014லே உச்சநீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரிலே அதை 30 இலட்சமாக உயர்த்தியது. நம் வட்டாரத்திலே எத்தனை குடும்பங்களுக்கு அந்தப் பணம் முழுமையாகக் கிடைத்தது? தொழிற்பேட்டையிலே விரலை இழந்தவர்களிலே எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது? காண்டிராக்டர் பிடித்த பி.எப். பணம் கணக்கிலே ஏறியதா? வீடு வீடாகச் சென்று கேட்டு, எழுதி, எண்ணி, அச்சிட்டு வெளியிடட்டும். நாம் மேடையிலே கூறினால் "கட்சிக்காரன் பேச்சு" என்பார்கள். பல்கலைக் கழகம் கணக்கோடு கூறினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்தது போதனை. 1891லே தொடங்கி உயர்நீதிமன்ற வளாகத்திலே இருந்த சென்னைச் சட்டக் கல்லூரி, 2018லே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி புதுப்பாக்கத்துக்குப் போயிற்று, மற்றொன்று திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் அதே மின்சார ரயிலிலேதான் நம் தொழிலாளியும் போகிறான், சட்டம் படிக்கும் மாணவனும் போகிறான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே!

அறியவேண்டிய காலம் இது. 29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி, 4 தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய சட்டத்தின் பிரிவுகளை விரல் நுனியிலே வைத்திருந்த நம் சங்கத் தோழர்கள் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டிய நிலை. எது போயிற்று, எது நின்றது, எது புதிதாக வந்தது என்பதைத் தமிழிலே, தெளிவாக, ஆலைத் தொழிலாளிக்குப் புரியும்படி யார் சொல்வது? முதலாளிக்குச் சொல்ல ஆலோசகர் இருக்கிறார். தொழிலாளிக்கு?

மூன்றாவது மக்கள் பணி. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவைப் பாருங்கள். இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர் பட்டியலிலே பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார்! எத்தனை தோழர்களுக்கு இது தெரியும்? பல்கலைக் கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்கள் அமைய வழிகாட்டவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. மனித உரிமை ஆணையத்திடம் புகார் செய்வதானால், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் செய்யவேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2021லே தீர்ப்பளித்தது. "அடித்தார்கள், போகட்டும்" என்று ஓராண்டு சும்மா இருந்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். தெரியாமையால் இழக்கும் உரிமைக்கு யாரிடம் போய் அழுவது?

தெரிந்தவர்கள் ஒன்றுபட்டால் விளைவதையும் கண்டோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே மேற்கே போனால் சுங்குவார்சத்திரம். அங்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. 2025 ஜனவரியிலே சங்கம் பதிவாயிற்று. 1948லே உலகமே ஒப்புக்கொண்ட உரிமை. அதைப் பெற ஒரு மாதத்துக்கு மேல் வெயிலிலே உட்கார வேண்டியிருந்தது!

ஒரு எச்சரிக்கையும் தேவை. மனித உரிமை மையம் எவருடைய செல்லப்பிள்ளையாகவும் ஆகக்கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலே உடற்கூற்றியல் போதித்த ராஜினி திராணகம, மனித உரிமைகளுக்கான பல்கலைக் கழக ஆசிரியர் அமைப்பிலே இருந்தவர். எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று பாராமல், மக்கள் பட்ட துயரை எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். தென்னாப்பிரிக்காவிலே நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த 1986லேயே பிரிட்டோரியா பல்கலைக் கழகத்தில் மனித உரிமை மையம் எழுந்தது. ஆள்வோருக்கு இனிக்கும் உண்மையை மட்டும் எழுதுவதானால், அதற்கு விளம்பர இலாகா போதும், மையம் எதற்கு? ஆகவே அந்த மையத்தின் அறிக்கை ஒருநாள் நம்மையே சுட்டினாலும், நாம் ஆதரிக்கும் ஆட்சியையே குறை கூறினாலும், சீறாமல் படித்துத் திருத்திக்கொள்ளும் பக்குவம் நமக்கு வேண்டும். பிறர் செய்தால் உரிமை மீறல், நம்மவர் செய்தால் நிர்வாகம் என்பது நேர்மையாகாது.

தோழர்களே! பல்கலைக் கழகத்தின் செங்கல்லிலே நம் வரிப் பணம் இருக்கிறது. நாம் வாங்கும் தீப்பெட்டியும் சோப்பும் அதற்கு வரி கட்டியிருக்கின்றன. எனவே கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள நம் மன்றங்களை ஞாயிறுதோறும் மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சம்பளச் சீட்டு, விபத்துத் தாள், காவல் நிலைய இரசீது, எது இருந்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள். மாணவன் சட்டத்தைச் சொல்லட்டும், தொழிலாளி வாழ்க்கையைச் சொல்லட்டும். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆகட்டும்.

வரும் டிசம்பர் 10 மனித உரிமை நாள். அன்று பல்கலைக் கழக மண்டபத்திலே விளக்கு ஏற்றுவார்கள், ஏற்றட்டும். மறுநாள் காலை ஷிப்டு மாறும் வேளையிலே, ஒரு பேராசிரியரையும் பத்து மாணவர்களையும் தொழிற்பேட்டை வாயிலிலே நாம் பார்க்கவேண்டும். அழைப்பு விடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்!