படத்துக்கு ஓர் உரை

பேசாத படங்களின் காலத்தில், நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு கதை சொல்வது வழக்கம். "இதோ கதாநாயகன் குதிரைமேல் வருகிறான், அதோ துஷ்டன் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான்!" என்கிற ரீதியில் அவர் முழங்குவார். படங்கள் பேசத் தொடங்கியதும் அந்த மனிதருக்கு உத்தியோகம் போய்விட்டது. அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் அவர் வேறொரு வேஷத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டவர் படத்தை எடுத்த டைரக்டரேதான்!

1984-ம் வருஷத்தில் கிரைடீரியன் கம்பெனியார், 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தை லேஸர் தட்டில் வெளியிட்டார்கள். தட்டில் ஒலிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தன. ஒன்றில் படத்தின் ஒலியை வைத்துவிட்டு, மற்றொன்றில் ரொனால்ட் ஹேவர் என்னும் சினிமா சரித்திர ஆசிரியரைப் பேச வைத்தார்கள். பிறகு டி.வி.டி. தட்டுகள் வந்ததும் இந்த வழக்கம் எங்கும் பரவிற்று. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். படம் ஓடிக்கொண்டிருக்க, கூடவே டைரக்டரின் குரல் காட்சிக்குக் காட்சி உரை சொல்லிக்கொண்டு போகும்.

உரை என்பது நமக்குப் புதிய சரக்கல்ல. குறளுக்குப் பரிமேலழகர் உரை கண்டார். வைத்தியநாத தேசிகரோ தாம் இயற்றிய இலக்கண விளக்கத்துக்குத் தாமே உரையும் எழுதினார். ஆகவே, நல்ல உரை எது, வெற்று உரை எது என்று சொல்ல நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. மூலத்தில் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது நல்ல உரை. தெரிவதையே திருப்பிச் சொல்வது வெற்று உரை. சண்டைப் படங்களின் உரைகளை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் மாற்று உடனே தெரிந்துவிடுகிறது.

'டோட்டல் ரீகால்' (1990) படத்தின் தட்டில் டைரக்டர் பால் வெர்ஹோவனும் கதாநாயகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகரும் சேர்ந்து பேசுகிறார்கள். கதையில் நடப்பதெல்லாம் நிஜமா, கதாநாயகன் காணும் கனவா என்ற சந்தேகத்தை எப்படிக் கடைசிவரை வளர்த்தார் என்று வெர்ஹோவன் விளக்குகிறார். முடிவில் திரை கறுத்துப் போகாமல் வெளுத்துப் போவதற்குக்கூட அதில் பொருள் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஷ்வார்ஸ்நேகரோ, தாம் ஓடும்போது ஓடுவதையும் அடிக்கும்போது அடிப்பதையும் நமக்கு அறிவிக்கிறார். பழைய கொட்டகைக்காரர் கெட்டார்! ஒரே தட்டில் நல்ல உரையும் வெற்று உரையும் அடுத்தடுத்துக் கேட்கக் கிடைப்பது அபூர்வமான சௌகரியந்தான்.

வெற்று உரைகள் ஏன் இவ்வளவு மலிந்திருக்கின்றன? பல உரைகள் படம் வெளிவந்த சூட்டிலேயே, தட்டை விற்பதற்காகப் பதிவாகின்றன. அப்போது யாரால் யாரைக் குறை சொல்ல முடியும்? கதாநாயகி தங்கம், காமிராக்காரர் மேதை, தயாரிப்பாளர் தெய்வம் என்று இரண்டு மணி நேரம் மங்களம் பாடி முடிக்கிறார்கள். உண்மை பேசினால் வரும் பலனையும் அவர்கள் அறிவார்கள். 1991-ல் மூன்று ஜேம்ஸ் பாண்டு படங்களுக்கு, அவற்றில் உழைத்தவர்கள் மனம் திறந்து பேசிய உரைகள் வெளியாயின. உரிமைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

அப்படியும் துணிந்து பேசியவர்கள் உண்டு. 'ஆர்மகெடான்' (1998) படத்தில், பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் துளைத்து வெடி வைப்பதற்காக எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை ஆகாயத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் நடித்த பென் அஃப்லெக் தட்டில் ஒரு ரகசியத்தை உடைக்கிறார். "விண்வெளி வீரனுக்குக் கிணறு தோண்டக் கற்பிப்பது சுலபமல்லவா?" என்று டைரக்டர் மைக்கேல் பேயிடம் அவர் கேட்டாராம். வாயை மூடு என்பதே பதில்! 'தி லைமி' (1999) படத்தின் தட்டிலோ, கதாசிரியர் லெம் டாப்ஸ், டைரக்டர் ஸ்டீவன் ஸோடர்பெர்கின் முகத்துக்கு நேரே வழக்காடுகிறார். பாத்திரங்களின் பூர்வ கதையை வெட்டி எறிந்துவிட்டீர்களே என்பது அவர் புகார். டைரக்டரும் சளைக்கவில்லை. ஒரு நல்ல படம் இருவேறு மனங்களின் மல்யுத்தத்தில் பிறக்கலாம் என்பதை அங்கே காதால் கேட்கிறோம்.

ஆனால், உரைகளில் எனக்குத் தலையாயது 'எல் மரியாச்சி' (1992) தட்டில் ராபர்ட் ரோட்ரிகஸ் சொல்லும் உரைதான். மெக்ஸிகோ எல்லையோர ஊரில் சுமார் 7,000 டாலரில் எடுத்த சண்டைப் படம் அது. பணத்தில் ஒரு பகுதிக்காக அவர் மருந்துப் பரிசோதனைக்குத் தம் உடம்பையே வாடகைக்கு விட்டிருந்தார். காமிராவை உருட்டிச் செல்ல வண்டியில்லை; நோயாளிகளின் சக்கர நாற்காலி கிடைத்தது. ஊர்ப் போலீஸாரிடம் நிஜத் துப்பாக்கிகளை இரவல் வாங்கினார். வெற்றுத் தோட்டாப் போட்டால் அவை ஒரு முறை வெடித்ததும் அடைத்துக்கொண்டன. ஆகவே ஒவ்வொரு வெடியையும் வெவ்வேறு கோணத்தில் எடுத்து, ஒட்டி, மேலே இயந்திரத் துப்பாக்கியின் ஒலியைச் சேர்த்தார். காமிராவின் இரைச்சலால் பேச்சைத் தனியே பதிவு செய்ய வேண்டியிருந்தது. உதடும் ஒலியும் பிசகும் இடத்தில் சட்டென்று ஒரு நாயைக் காட்டிவிடுவார்! 'என்ன வேகமான பாணி!' என்று ரஸிகர்கள் வியந்ததற்குக் காரணம் தரித்திரம். பிற்பாடு கொலம்பியா கம்பெனியார் அந்தப் படத்தை வாங்கிச் செப்பனிட அதைப்போல் பன்மடங்கு செலவிட்டார்கள் என்பது வாஸ்தவமே. ஆனாலும் அந்த உரையைக் கேட்டு முடித்தவன், 'பணமில்லையே' என்று மறுபடி சாக்குச் சொல்ல வெட்கப்படுவான்.

இதில் நியாயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. சண்டைப் படத்தில் எலும்பைப் பணயம் வைப்பவர் ஒருவர். கைதட்டலைப் பெறுபவர் வேறொருவர். 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் ஓடும் லாரிக்கு அடியில் புகுந்து வெளிப்படும் காட்சியில் உயிரைக் கொடுத்து உழைத்தவர் டெரி லியோனார்டு என்ற ஸ்டண்ட் வீரர். அவருக்கு இடம் கிடைப்பதற்காகச் சாலையின் நடுவே பள்ளம் வெட்டினார்கள். 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் யாகிமா கனட் ஓடும் குதிரைகளின் நடுவே செய்த சாகஸத்துக்கு அது செலுத்திய வணக்கம். இதைப் படத்தோடு சேர்த்துச் சொல்லக் கூடியவர் டைரக்டர் ஸ்பீல்பெர்க். அவரோ தம் படங்களுக்கு உரை சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. படமே பேசட்டும் என்பது கம்பீரமான கொள்கைதான். ஆனால் லாரிக்கு அடியில் இருப்பவரின் பெயரைப் படம் பேசுவதில்லையே!

இன்றோ தட்டுகளின் காலம் மங்கிவிட்டது. இணையத்தின் வழியாக வீட்டுக்குள் வந்து பாயும் படங்கள் பெரும்பாலும் உரையைப் பின்னால் விட்டுவிட்டே வருகின்றன. படம் பிழைக்கும், அது பிறந்த கதை மறையும்.

நம் நாட்டிலும் கயிறு கட்டிப் பறந்தவர்களும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தவர்களும் முதுமையில் மௌனமாய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படத்தை அவர்கள் முன்னே ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிச் செய்தீர்கள், ஐயா?" என்று கேட்க ஓர் இளைஞன் போதும். ரோட்ரிகஸ் கையில் இருந்ததைவிட மேலான ஒலிப்பதிவுக் கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.